நெட் வரலை, எழுத்து மாறுது

ராபர்ட்சன்பேட்டையில் என் பட்டறைக்கு வருகிற புகார்களில் பெரும்பகுதி இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். "அண்ணா, நெட் வரலை." "அண்ணா, எழுத்து மாறி மாறி விழுது." முதல் புகாரைத் தோண்டினால் முகவரி கொடுக்கிற சேவையில், அதாவது டிஹெச்சிபியிலோ டிஎன்எஸ்ஸிலோ, போய் நிற்கும். இரண்டாவது கீபோர்டு அமைப்பில் நிற்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூர் போய்ப் பெரிய கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் பார்ப்பது கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை, ஊரிகம் பக்கத்துச் சின்ன அச்சகங்கள், டியூஷன் சென்டர்கள், பள்ளிக்கூட லேப்கள். பழைய இயந்திரங்கள். விண்டோஸின் புதுப் பதிப்பு அவற்றில் ஏறாது, ஏறினாலும் மூச்சு வாங்கும். அதனால் டெபியனோ உபுண்டுவோ போட்டுக் கொடுத்து ஓட்டுகிறோம். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருகிற தம்பி தங்கச்சிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்க நிறுவனமான பிஜிஎம்எல் மூடப்பட்டபோது கையில் தொழில் இருந்தும் வேலை இல்லாமல் நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். ஊரில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்த காலம் அது. வயரிங் வேலைக்குப் போனவர், வயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்து அதிலேயே தங்கிவிட்டார். நாங்கள் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் ஒரு ஸ்விட்சின் முன்னால் உட்கார்ந்து அதன் விளக்குகள் சிமிட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூணாவது போர்ட்ல ஏதோ கத்திக்கிட்டே இருக்கு, அதைக் கழட்டு" என்பார். கழற்றினால் மற்ற இயந்திரங்களுக்கு உயிர் வரும்.

சுரங்கத்து மின்சார வேலையில் அவர் கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. லைன் செத்திருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாமல் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது. பார்த்த பிறகுதான் தொடுவது. அதே பழக்கத்தை அவர் நெட்வொர்க்குக்கும் கொண்டு வந்தார். "மாத்தாதேடா. முதல்ல எங்க நின்னுச்சுன்னு பாரு" என்பது அவர் ஓயாமல் சொன்னது. எனக்குச் சொல்ல இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். முகவரி வருவதும் எழுத்து வருவதும் கையிலிருந்து கைக்குச் செங்கல் மாற்றுகிற வேலை. எந்தக் கையில் செங்கல் விழுந்தது என்று தெரியாமல் வரிசை முழுவதையும் கலைக்கிறவன் மெக்கானிக் ஆகமாட்டான்.

வயரிலிருந்து ஆரம்பிப்போம். மேஸ்திரி ஆர்ஜே45 கிரிம்ப் பண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே பாதி பாடம் வந்துவிடும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கமாட்டார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. எட்டையும் வரிசைப்படுத்தி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இடமும் வலமுமாக இரண்டு முறை நீவுவார். கம்பிகள் தட்டையாகப் படிந்துவிடும். பிறகு ஒரே வெட்டு. பிளக்கில் நுழைத்ததும் முனையிலிருந்து பார்த்தால் எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரிய வேண்டும், வெளி உறையும் பிளக்குக்குள் போயிருக்க வேண்டும். உறை வெளியே நின்றால் கிளிப் வெறும் கம்பியைத்தான் கடிக்கும். அப்படிப்பட்ட வயரை யாராவது காலால் இடறினால் மறுநாளே "நெட் வரலை."

இதில் ஏமாற்றுகிற கோளாறு ஒன்று உண்டு. 4, 5, 7, 8 என்கிற நான்கு கம்பிகளில் ஏதாவது ஒன்று சரியாக உட்காராவிட்டால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது. கிகாபிட் ஓட வேண்டிய இடத்தில் 100 மெகாபிட்டுக்கு இறங்கி அப்படியே ஓடும். யாரும் கவனிக்கமாட்டார்கள். "கொஞ்சம் ஸ்லோவா இருக்கு" என்று வருஷக்கணக்கில் பொறுத்துக்கொள்வார்கள். ஈத்டூல் கட்டளையை அடித்து வேகம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மேலே போகிற பழக்கம் வேண்டும்.

வயர் சரி என்றால் அடுத்தது டிஹெச்சிபி. நான்கு வார்த்தை பேசுகிற சேவை அது. இயந்திரம் விழித்ததும் "யாராவது இருக்கிறீர்களா" என்று எல்லோரையும் பார்த்துக் கூவுகிறது. சர்வர் "இந்த முகவரி காலியாக இருக்கிறது" என்கிறது. இயந்திரம் "அதையே கொடுங்கள்" என்கிறது. சர்வர் "எடுத்துக்கொள்" என்று காலக்கெடுவோடு கொடுக்கிறது. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக். சர்வர் 67ஆம் போர்ட்டில் கேட்கும், இயந்திரம் 68இல் கேட்கும். 1997இல் எழுதி வைத்த விதிமுறைதான் இன்றைக்கும் ஓடுகிறது. காலக்கெடுவில் பாதி கழிந்ததும் இயந்திரம், முகவரி கொடுத்த சர்வரிடமே போய்ப் புதுப்பிக்கக் கேட்கும். அங்கே பதில் இல்லையென்றால் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் மறுபடி எல்லோரிடமும் கூவும். இதை மனப்பாடம் பண்ண வேண்டாம். டிசிபிடம்ப்பைத் திறந்து 67, 68 இரண்டையும் வடிகட்டி வைத்துக்கொண்டு, ஒரு இயந்திரத்தை அணைத்து ஏற்றிப் பாருங்கள். நான்கு வரியும் கண்முன்னால் ஓடும். ஒரு முறை பார்த்தவன் பிறகு ஊகம் பண்ணமாட்டான்.

டிஸ்கவர் மட்டும் திரும்பத் திரும்ப ஓடினால் கூவல் சர்வருக்குப் போகவில்லை, அல்லது சர்வர் செத்திருக்கிறது. டிஸ்கவர் வந்தும் ஆஃபர் போகவில்லை என்றால் சர்வரிடம் கொடுக்க முகவரி இல்லை, அல்லது தப்பான நெட்வொர்க் அட்டையில் கேட்டுக்கொண்டிருக்கிறது. ரிக்வெஸ்ட்டுக்குப் பதிலாக நாக், அதாவது மறுப்பு, வந்தால் இயந்திரம் வேறு ஊர் முகவரியைக் கேட்கிறது. முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் இயந்திரம் 169.254 என்று தொடங்குகிற ஒன்றைத் தானே போட்டுக்கொள்ளும். லினக்ஸ் பெரும்பாலும் எதையும் போட்டுக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். லேபில் இரண்டும் கலந்து இருந்தால் இந்த வித்தியாசமே ஒரு தடயம்.

வேறு ஊர் முகவரி என்றேன். இது எங்கள் ஊருக்கே உரிய கோளாறு என்று சொல்லலாம். வாரம் முழுக்க பெங்களூர் ஆபீஸில் இருக்கிற லேப்டாப், சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறது. வந்ததும் ஆபீஸில் வைத்திருந்த முகவரியையே "தொடர்ந்து வைத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்கும். பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபி சர்வரில் அத்தாரிட்டேட்டிவ் என்கிற ஒற்றை வரி இல்லையென்றால், சர்வர் அதற்கு "ஆகாது" என்றும் சொல்லாது, "ஆகட்டும்" என்றும் சொல்லாது. லேப்டாப் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் மனம் மாறி டிஸ்கவருக்கு வரும். "வீட்டுக்கு வந்தா நெட் லேட்டா பிடிக்குது அண்ணா" என்று ஒரு தங்கச்சி லேப்டாப்பைக் கொண்டு வந்தாள். வழியில் இரண்டு கடைகளில் வைஃபை அட்டையை மாற்றச் சொல்லியிருந்தார்கள். அட்டையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் எல்லோருக்குமாக ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வரில் அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். அன்று மேஸ்திரி கூலி வாங்கவில்லை. ஒரு வரிக்கு என்ன கூலி என்றார். அந்த வரியைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போயிருந்தது.

அதிகம் அலைய வைப்பது திருட்டு டிஹெச்சிபி. ஒரு பள்ளிக்கூட லேபில் காலையில் பாதி இயந்திரங்கள் வேலை செய்யும், பாதி செய்யாது. மதியம் வேறு பாதி. வாத்தியார் இயந்திரங்களைக் குறை சொன்னார். பிள்ளைகள் பேய் என்றார்கள். டிசிபிடம்ப்பில் பார்த்தால் ஒரே டிஸ்கவருக்கு இரண்டு ஆஃபர். ஒன்று எங்கள் சர்வரிடமிருந்து, இன்னொன்று 192.168.0.1 என்கிற யாரோ ஒருவரிடமிருந்து. எது முந்துகிறதோ அதை இயந்திரம் பிடித்துக்கொள்கிறது. அந்த யாரோ ஒருவரின் மேக் எண்ணைக் குறித்துக்கொண்டோம். முதல் மூன்று ஜோடி எழுத்துகள் தயாரித்த கம்பெனியைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டு வைஃபை ரவுட்டர் செய்கிற கம்பெனி. அப்புறம் ஸ்விட்சில் ஒவ்வொரு வயராகக் கழற்றி, எதைக் கழற்றினால் இரண்டாவது ஆஃபர் நிற்கிறது என்று பார்த்தோம். அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் ஸ்டாஃப் ரூமில் ஒரு மேஜைக்கு அடியில் முடிந்தது. செல்போனுக்கு வைஃபை வேண்டும் என்று யாரோ வீட்டிலிருந்து ரவுட்டர் கொண்டு வந்து, அதன் வான் துளையில் குத்த வேண்டிய வயரை லேன் துளையில் குத்தியிருந்தார்கள். மேஸ்திரி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரவுட்டரில் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, வைஃபையை மட்டும் ஓடவிட்டு, வயரை அதே துளையில் திரும்பக் குத்தினார். அவர்களுக்கும் வைஃபை கிடைத்தது, லேபும் ஓடியது.

குளோன் பண்ணிய டிஸ்குகளைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு இயந்திரத்தில் உபுண்டு சர்வரை ஒழுங்காகப் போட்டு, அதை அப்படியே மற்ற டிஸ்குகளுக்கு நகலெடுப்பது எல்லோரும் செய்கிற வேலை. நகலெடுத்த எல்லாம் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ளும். மேக் எண்கள் வேறு வேறாகத்தான் இருக்கும். பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். காரணம், சிஸ்டம்டி நெட்வொர்க்டி தன்னை அடையாளம் சொல்லும்போது மேக் எண்ணைச் சொல்வதில்லை. ஈடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைச் சொல்கிறது. நகலில் அதுவும் நகலாகிவிட்டது. அந்தக் கோப்பைக் காலி செய்து புது எண் உருவாக்கினால் தீர்ந்தது. நகலெடுக்கும் முன்பே காலி செய்துவிடுவது இன்னும் நல்லது. அல்லது நெட்பிளானில் மேக் எண்ணையே அடையாளமாகச் சொல்லும்படி ஒரு வரி எழுதலாம்.

சின்னதாக இன்னொன்று. ஐஎஸ்சி சர்வரின் லீஸ் கோப்பில் உள்ள நேரம் நம் கடிகார நேரம் கிடையாது, யுடிசி. ஐந்தரை மணி நேரம் கூட்டிப் படிக்க வேண்டும். கூட்டாமல் படித்துவிட்டு, "காலக்கெடு முடிந்துபோன முகவரியை எப்படி வைத்திருக்கிறது" என்று ஒரு பையன் சர்வரையே மறுபடி இன்ஸ்டால் பண்ணக் கிளம்பினான். நல்லவேளை, மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டு அந்த நேரத்தில் திரும்பி வந்தார்.

எங்கள் ஊருக்கு 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு முன்பே சுரங்கத்தில் மின்சாரம் ஓடியது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கு எங்களுக்குப் பாதி வேலை கொடுப்பது கரண்ட் போய் வருவதுதான். போனால் பிரச்சினை இல்லை, வரும்போதுதான் பிரச்சினை. எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் விழிக்கின்றன. சர்வர் எழுந்திருக்கும் முன்பே இயந்திரங்கள் கூவி முடித்துவிடுகின்றன. ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ ஓடினால் ஒவ்வொரு போர்ட்டும் கேட்க 15 நொடி, கற்க 15 நொடி என்று அரை நிமிஷம் வாய் மூடி இருக்கும். லினக்ஸ் இயந்திரத்தில் நெட்வொர்க்மேனேஜர் முகவரிக்காக ஒரு முயற்சிக்கு வழக்கமாக 45 நொடிதான் காத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு நூலிழை என்று தெரியும். இயந்திரம் மாட்டுகிற போர்ட்டுகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும்படி ஸ்விட்சில் சொல்லலாம். அதைவிட எளிது, ரவுட்டர், ஸ்விட்ச், சர்வர் மூன்றையும் யூபிஎஸ்ஸில் போடுவது. இயந்திரத்துக்கு யூபிஎஸ் வாங்குகிறவர்கள் ஸ்விட்சுக்கு வாங்குவதில்லை. நான் முதலில் ஸ்விட்சுக்குத்தான் வாங்கச் சொல்வேன்.

பெயரை முகவரியாக மாற்றிக் கொடுக்கிற டிஎன்எஸ்ஸைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 8.8.8.8க்குப் பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் அது டிஎன்எஸ். பிள்ளைகள் உடனே ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து கையால் எழுதுவார்கள். அந்த நிமிஷம் வேலை செய்யும், மறுநாள் எழுதியது காணாமல் போயிருக்கும். உபுண்டுவில் அது உண்மையான கோப்பு அல்ல, சிஸ்டம்டி ரிசால்வ்டி உருவாக்குகிற ஒன்றுக்குச் சுட்டி. அதில் 127.0.0.53 என்று மட்டும் இருக்கும். உண்மையில் யாரிடம் கேட்கிறது என்று தெரிய ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் அடிக்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் முகவரி எங்கிருந்து வருகிறதோ அங்கே, டிஹெச்சிபி சர்வரில், மாற்ற வேண்டும். இன்னொரு செய்தி: ஐஎஸ்சி டிஹெச்சிபிக்கு 2022 முடிவில் பராமரிப்பு நின்றுவிட்டது. அதன் இடத்தில் கியா வந்திருக்கிறது. புதிதாகக் கற்கிறவர்கள் கியாவிலேயே கை பழகுங்கள். சின்ன இடங்களுக்கு டிஎன்எஸ்மாஸ்க் போதும், முகவரி, பெயர் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இனி எனக்கு மனதுக்கு நெருக்கமான பகுதி, கீபோர்டு.

முகவரிக் கோளாறு தீர்ந்தால் ஜனங்கள் "ஆச்சா" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தமிழ் சரியாக விழுந்தால் முகம் மலர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஊரில் வீட்டுப் பேச்சு தமிழ், அரசாங்கக் காகிதம் கன்னடம், மேல்படிப்பு ஆங்கிலம். கல்யாணப் பத்திரிகை தமிழிலும் கன்னடத்திலும் அடிக்கிறவர்கள் உண்டு. சுரங்கக் குடியிருப்பு வீட்டைப் பற்றி மனு எழுதுகிறவருக்குக் கன்னடம் வேண்டும், அதே கையால் சங்கத்து நோட்டீஸைத் தமிழில் அடிக்க வேண்டும். ஆகவே ஒரு கீபோர்டில் மூன்று எழுத்துகளும் இடறாமல் மாறி வர வேண்டும். தமிழுக்குத் தமிழ்99. தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய அமைப்பு. கன்னடத்துக்கு கே.பி. ராவ் வழியில் வந்த ககப அமைப்பு. லினக்ஸில் இரண்டுமே பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் இருந்தால் மட்டும் போதுமா? ஒரு விசையை அழுத்தியது முதல் எழுத்து விழுகிறவரை உள்ள வரிசையைப் பாருங்கள். விசை ஒரு எண்ணை அனுப்புகிறது. கெர்னல் அதை வாங்குகிறது. எக்ஸ்கேபி அந்த எண்ணுக்கு எந்தக் குறி என்று அட்டவணை பார்க்கிறது. ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை அந்தக் குறிகளைச் சேர்த்து எழுத்தாக்குகிறது. கடைசியில் செயலி, எழுத்துருவை வைத்துத் திரையில் வரைகிறது. ஈவ்டெஸ்ட்டைத் திறந்து 'ஏ' விசையை அழுத்தினால் 30 என்று காட்டும். எக்ஸ்ஈவியில் அதே விசை 38. எப்போதும் எட்டு கூடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஈவ்டெஸ்ட்டில் எண்ணே வரவில்லை என்றால் கோளாறு கீபோர்டுக்குள். எண் வந்து எழுத்து தப்பென்றால் கோளாறு மென்பொருளில். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கீபோர்டுக்குள் கோளாறு என்றால் எங்கள் ஊரில் முதல் சந்தேகம் தூசி. காற்றுக் காலத்தில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து கிளம்புகிற மாவு போன்ற மண், ஜன்னல் சாத்தியிருந்தாலும் உள்ளே வரும். ஒரு விசை மட்டும் அடிக்கவில்லை என்றால் அடியில் மண். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து விசைகள் சேர்ந்து செத்தால், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தாளில் ஒரு தடம் அறுந்திருக்கிறது. மண்ணை ஊதலாம், பிரித்துத் துடைக்கலாம். ஈரத் துணி வேண்டாம், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நல்லது. தடம் அறுந்ததற்குப் புது கீபோர்டுதான். மேஸ்திரி மூடிகளைக் கழற்றி ஒரு செய்தித்தாளில் அதே வரிசையில் அடுக்கி வைப்பார். காற்றாடியை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் தாளை விரிப்பார்.

மென்பொருள் கோளாறில் அடிக்கடி வருவது தமிழ்99 பாதியாக வேலை செய்வது. "தங்கம்" என்று அடிக்க எல், பி, ஹெச், கே, எஃப் என்று ஐந்து விசை. த, ங, க, ம, புள்ளி. ங-வுக்குப் பக்கத்தில் க வந்ததும் ங தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் தமிழ்99இன் அழகே. "அம்மா"வுக்கு ஏ, கே, கே, கியூ. நடுவில் புள்ளிக்கென்று தனியாக எதையும் அழுத்துவதில்லை. ஆனால் எக்ஸ்கேபியில் தமிழ்நெட் 99 என்ற பெயரைப் பார்த்துப் பலர் அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்கேபிக்கு முன்னால் என்ன எழுத்து விழுந்தது என்ற நினைவு கிடையாது. ஒரு விசைக்கு ஒரு குறி, அவ்வளவுதான். ஆகவே "தஙகம்" என்று விழும். அடிக்கிறவர் தனக்குத் தமிழ் டைப்பிங் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஒரு அச்சகத்தில் வேலை பார்த்த அக்கா இப்படியே ஒவ்வொரு புள்ளியையும் கையால் போட்டு மாதக்கணக்கில் வேலை செய்திருக்கிறார். எம்17என் பொதியைச் சேர்த்து, ஐபஸ்ஸில் அதன் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். "தங்கம்" என்று அடித்துப் பார்க்கச் சொன்னேன். அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார். "இது இப்படித்தான் வரணுமா தம்பி?" என்றார். அன்று அவர் வேலை முடிய வேண்டிய நேரத்துக்கு முன்பே முடிந்தது.

மூன்று எழுத்து வைக்கும்போது ஆங்கிலத்தை எப்போதும் முதலில் வையுங்கள். தமிழை முதலில் வைத்தால் லாகின் திரையில் பாஸ்வேர்டு போகாது. கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி கூடச் சில செயலிகளில் சண்டித்தனம் பண்ணும். கருப்புக் கன்சோலுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். அங்கே அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்கள்தான், இணைத்து வரைகிற திறனும் இல்லை. தமிழ் அங்கே விழாது. டிஸ்கைப் பூட்டி வைத்த இயந்திரத்தில் பூட்டுச் சொல் கேட்பது எல்லாவற்றுக்கும் முன்னால், இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்தில். ஈடிசி டிஃபால்ட் அடைவில் கீபோர்டு கோப்பை மாற்றிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்காமல் விட்டால் அங்கே பழைய அமைப்பே இருக்கும்.

"பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன், ஏத்துக்க மாட்டேங்குது" என்று வருகிறவர்களை நம்புங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மை. பிரிட்டிஷ் அமைப்பு உட்கார்ந்திருந்தால் ஷிஃப்ட் 2 அடித்தால் அட் குறி வராது, இரட்டை மேற்கோள் வரும். பழைய லேப்டாப்பில் நம்லாக் எரிந்தால் யு, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6 ஆகிவிடும். பாஸ்வேர்டு நட்சத்திரமாகத் தெரிவதால் யாருக்கும் தெரியாது. பயனர் பெயர்க் கட்டத்தில் பாஸ்வேர்டை ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. குட்டு வெளிப்படும். இன்னொன்று ஸ்லோ கீஸ். சில இயந்திரங்களில் ஷிஃப்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் அது விழித்துக்கொள்ளும். அதன்பிறகு விசையை லேசாகத் தட்டினால் எழுத்து விழாது, அழுத்திப் பிடித்தால்தான் விழும். யோசித்துக்கொண்டே ஷிஃப்டில் விரல் வைத்திருக்கிறவர்கள் கீபோர்டு செத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் புது கீபோர்டு விற்றுவிடாதீர்கள்.

இப்போது வேய்லேண்ட் வந்தபிறகு பழைய கைப்பழக்கம் சில செல்லாது. செட்எக்ஸ்கேபிமேப் அடித்தால் வேய்லேண்ட் செயலிகளில் எதுவும் மாறாது. க்னோமில் அதன் அமைப்புக்குள் போய் உள்ளீட்டு மூலங்களில்தான் மாற்ற வேண்டும். ஐபஸ் சில செயலிகளில் வருகிறது, சிலவற்றில் வரவில்லை என்றால் ஜிடிகே, க்யூடி, எக்ஸ்மாடிஃபயர்ஸ் என்கிற மூன்று சூழல் மாறிகளைப் பாருங்கள். மூன்றும் ஒரே உள்ளீட்டு முறையின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒன்று ஐபஸ், இன்னொன்று எஃப்சிடிக்ஸ் என்று இருந்தால் லிப்ரேஆபீஸில் தமிழ் வரும், வேறெங்கோ வராது.

வேலை முடிந்ததும் இயந்திரத்தை ஒரு முறை முழுக்க அணைத்து ஏற்றுங்கள். மாற்றம் நிலைத்ததா என்று தெரிய வேறு வழி இல்லை. லாகினை வாடிக்கையாளரையே பண்ணச் சொல்லுங்கள், உங்கள் விரல் அழுத்துகிற விதம் வேறு. பிறகு அவரே "தங்கம்", "அம்மா" அடிக்கட்டும், கன்னடத்தில் ஒரு கூட்டெழுத்து அடிக்கட்டும், ரூபாய்க் குறியுள்ள இந்திய ஆங்கில அமைப்பு போட்டிருந்தால் அதற்கு மாறி ஆல்ட்ஜிஆரும் 4ம் சேர்த்து அந்தக் குறி வருகிறதா என்று பார்க்கட்டும். பெட்டியின் பின்னால் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எந்தக் கோப்பு, என்ன மாற்றம், என்ன தேதி. அடுத்து வருகிறவர் நீங்களாக இருந்தாலும் அந்தச் சீட்டு வேண்டும். மேஸ்திரி ஒட்டிய சீட்டுகள் ஊரில் பல பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. பென்சிலில் எழுதியதால் எழுத்து கலையவில்லை.

கற்க விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்கு வரலாம். ஒரு பழைய கீபோர்டும் கோடு போட்ட நோட்டும் கொண்டு வந்தால் போதும். கிரிம்பிங் டூலும் வயரும் என்னிடம் இருக்கின்றன.